எடை மேடைக் கம்ப்யூட்டர்

பல வருடம் லாரி ஓட்டினேன். குளிர்ந்த இன்ஜினை ஒருநாளும் ஆக்ஸிலேட்டரை மிதித்து முறுக்கியதில்லை. கால் முறிந்த பிறகு, பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடை மேடைக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். பழம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும். கம்ப்யூட்டரில் எடை பதிந்து சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை வரும். அதற்குமேல் ஒன்றும் அசையாது. எடை போடும் புரோகிராமின் படத்தை மௌஸால் தட்டுவேன். தட்டிக்கொண்டே இருப்பேன். வெளியே ரோடு வரை லாரி நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து கொட்டகை ஓரம் நின்று பால் இல்லாத தே ஓ குடிப்பார்கள்.

"என்னண்ணே, ஒங்க கம்ப்யூட்டர் இன்னும் பல்லு வெளக்கலையா?" என்பான் ஒருவன்.

"நீ வெளக்கிட்டியா?" என்பேன்.

ஒருநாள் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி வந்தார். "மேனேஜர் கோவமா இருக்காருண்ணே. இன்னொரு தடவ லாரி ரோட்டுல நின்னா ஒங்கள நாத்து மேட்டுக்கு மாத்திருவாரு."

செம்பனைக் கன்று வளர்க்கும் நாற்று மேட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும். என் கால் நிற்காது. வேலை போன மாதிரிதான். கம்ப்யூட்டரை நானே பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எடை போடுறது கெடாம பாத்துக்குங்க" என்றார்.

மறுநாள் வெள்ளெனவே கொட்டகையைத் திறந்து மகளுக்குப் போன் போட்டேன். சிங்கப்பூர் வேலைக்குப் போக பஸ் வரிசையில் நின்றிருந்தாள்.

"கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்துங்கப்பா. ஸ்டார்ட்அப்னு ஒன்னு இருக்கும், பாருங்க."

இருந்தது. அதில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னேன். பாட்டுக்கு ஒன்று. அரட்டைக்கு ஒன்று. கேம் இரண்டு. இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் போட்டு வைத்தவை.

"கம்ப்யூட்டர் எழுந்திரிச்சதும் இதெல்லாம் சேந்து ஓட ஆரம்பிக்குதுப்பா."

புரிந்துவிட்டது. கேட்டைத் திறந்ததும் எல்லா லாரியும் ஒன்றாக முட்டினால் எது உள்ளே போகும்? அவள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

"வைரஸ் பாக்குறதையும் எடை போடுறதையும் தொடாதீங்க. இப்ப ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணுங்க. ஆனதும் கைய மடியில வச்சுக்குங்க."

"தட்டக் கூடாதா?"

"நீங்க தட்டத் தட்ட அதுக்கு வேல கூடுது. லாரிய ஸ்டார்ட் பண்ணதும் முறுக்குவீங்களாப்பா?"

கையை மடியில் வைத்துக்கொண்டேன். டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கியது. பிறகு நிதானமானது. ஒரே ஒரு தட்டு. திறந்தது.

"வந்துருச்சு" என்றேன். "பஸ் வந்துருச்சுப்பா" என்று அவள் போனை வைத்தாள்.

முதல் லாரி மேடையில் ஏறியது. பல்லு விளக்கலையா என்று கேட்டவன்தான். தே ஓ பொட்டலத்தோடு இறங்கினான். ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினேன்.

"அலாமாக். இன்னும் ஒரு வாய் குடிக்கலண்ணே."

"போற வழியில குடி. பின்னால ஆள் நிக்குது."

வெயில் ஏறும்போது கிராணி வந்தார். ரோட்டைப் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

"யாருண்ணே சரி பண்ணா?"

"எம் மக" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போகவிட்டுச் சொன்னேன்.

"நானும்தான்."