முதல் பதிப்பில் ஒரு சொம்புத் தண்ணீர்

சங்கரன்கோவிலில் என் டைப்பிங் கடைக்குப் பட்டா மனுவும் கல்யாணப் பத்திரிகையும்தான் அதிகம் வரும். நாவல் என்று வந்தது ஒன்றே ஒன்றுதான். புளியங்குடியில் இருக்கும் ஓய்வுபெற்ற அரபி வாத்தியார் அதை நோட்டு நோட்டாக மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். எழுதியவர் அரபு நாட்டுக்காரர். சூஃபி ஞானிகளின் பழைய ஏடுகளைப் படிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஆராய்ச்சி நூலில் சொல்ல முடியாததை வயதான பிறகு நாவலாக எழுதத் தொடங்கினாராம். பின்னட்டைக்கு இதையும் நான்தான் டைப் அடித்தேன்.

நாவலில் ஒரு பக்கீர் பாலைவன ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கிறார். ஒருத்தரும் கொடுக்கவில்லை. தாகத்தோடு நடந்து போகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுசங்க இவங்க! நான் பனவடலிசத்திரத்துக்காரி. குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத சித்திரையிலும், சண்டைக்கு வந்தவனுக்குக்கூடச் சொம்பை நீட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவோம். கடைசி வீட்டில் ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், அவர் குடித்தார் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். கண் ஆபரேஷன் செய்திருந்த வாத்தியார் சார், என்னை நம்பிப் படித்துப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டினேன். ஒரு வாரம்தான் தாங்க முடிந்தது. கடைக்கு வந்த சாரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்னு எழுதுனவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேம்மா! அத்தனை புத்தகத்தையும் திரும்ப வாங்குன்னு சொன்னா நான் எங்கன போவேன்?" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"செஞ்சது நான் சார். என்னையத் திட்டச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க."

போட்டார். அரபியில் நெடுநேரம் பேச்சு. பிறகு போனைப் பொத்திக்கொண்டு, "ஏன் அப்படி எழுதுனன்னு கேக்காரு" என்றார்.

"தண்ணி கேட்டவர எப்படி சார் சும்மா அனுப்புதது?"

சார் அதை அப்படியே அவரிடம் சொன்னார். கடைசியில் போனை வைத்த சாரின் கண் கலங்கியிருந்தது.

"அந்தத் தாகந்தான் நாவலே, அடுத்த பதிப்புல வரியை எடுத்துருங்கன்னுட்டாரு. வந்த புத்தகம் அப்படியே இருக்கட்டுமாம். ஒரு தடவையாவது அந்தப் பக்கீர் குடிக்கட்டும்னாரு. ஒனக்கு நன்றி சொல்லச் சொன்னாரும்மா."

அந்த மகராசன் நல்லா இருக்கணும். சாரும்தான், இரண்டாம் பதிப்பையும் என்னிடமே கொடுத்தார். இப்போது வரிக்கு வரி பார்க்கிறார், பார்க்கட்டும். அந்த வரியை நானே அழித்தேன். முதல் பதிப்பில் ஒரு பிரதி என் மேசையில் இருக்கிறது. அதில் அவர் குடித்துவிட்டார்.