மல்லாந்த ஆமை

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் அப்போது நான் குழந்தைகளின் படக்கதைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவது என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். படம்தான் முதலில் வரும். சிவகாசியில் கலர் அடித்த தாள்கள் கட்டுக்கட்டாக லாரியில் வந்து இறங்கும். பாதித் தாளில் தெலுங்கு, பாதியில் தமிழ் என்று கறுப்பு எழுத்தை மட்டும் நாங்கள் ஏற்றுவோம். நரி ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கும். அது ஏன் சிரிக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் மஞ்சள் கட்டம் ஒன்று இருக்கும். அது நீதிக்கு. கதையில் இரண்டு வரி குறைந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அந்தக் கட்டம் மட்டும் காலியாகப் போகக் கூடாது.

அந்த வருஷம் எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. மகளுக்கு ஐந்து வயது. நான்கு முடியும்வரை 'ம்மா'வுக்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. காதெல்லாம் நன்றாகக் கேட்கிறது, விடாமல் பேச்சுக் கொடுங்கள், அவளையும் பேச விடுங்கள் என்றார் டாக்டர். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடித்து வரும் என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்திலும் அவளிடம் பேசினார். என்னைச் சொல்லவே வேண்டாம், பிறவியிலேயே லொடலொட வாய். ஒருவழியாக இரண்டு சொல், மூன்று சொல் என்று சேர்க்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் போட்டோம். கொஞ்ச நாளில், நான் ஏதாவது கேட்டால் ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வகுப்பில் சத்தம் வந்தால் 'வாய்மேல விரல்' என்பார்களாம்.

போய்க் கேட்டேன். "இத்தன புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இன்னாமா பண்றது? உங்க பொண்ணு தங்கம். சத்தமே கெடையாது," என்றார் மிஸ். பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினால் அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். "பொட்டப் புள்ள அமைதியா இருந்தா நல்லதுதான. உன்ன மாதிரி ஆவணுமா இன்னா?" பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அந்த வாரமாகப் பார்த்து ஆமைக் கதை மேஜைமேல் வந்து விழுந்தது. தெரிந்த கதைதான். குளம் வற்றுகிறது. இரண்டு கொக்குகள் ஒரு குச்சியின் இரு முனையையும் பிடித்துக்கொள்ள, ஆமை நடுவில் கவ்விக்கொண்டு பறக்கிறது. கீழே ஊரார் சிரிக்கிறார்கள். பதில் சொல்ல ஆமை வாயைத் திறக்கிறது, விழுந்து சாகிறது. கடைசிப் படத்தில் புல்தரையில் மல்லாந்து கிடந்தது, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க. இதை நானே எழுதி, என் பெண்ணுக்கு நானே படித்துக் காட்ட வேண்டுமாம். எழுந்து வெளியே போனேன். டீ குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

படத்தை மாற்ற வழியில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் ஆமைக்குக் கண் மூடவில்லை, வாயும் திறந்தே இருந்தது. செத்தது என்று யார் சொன்னது? ஒரே மூச்சில் எழுதினேன். விழுந்த ஆமையால் புரள முடியவில்லை. 'என்னைத் திருப்பிப் போடுங்களேன்' என்று கத்தியது. கத்தியதால்தான் அது கிடந்த இடம் கொக்குகளுக்குத் தெரிந்தது. இறங்கி வந்தன. மஞ்சள் கட்டத்துக்கு, 'விழுந்தால் கூப்பிடு, யாராவது வருவார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி பழவேற்காட்டுக்காரர், எங்கள் எல்லோருக்கும் பாய். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமா, ஆமைய உசுரோட உட்டுட்ட?"

"படத்துல எங்க பாய் செத்துக்குது?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போவுது. யாருக்கு இன்னா பேஜாரு."

அன்றே மகளிடம், ஓர் ஆமை கொண்டுவருவதாகச் சொல்லிவைத்தேன். அதன்பிறகு தினமும் நான் வந்ததும் என் பையைத் துழாவினாள்.

பைண்டிங் முடிந்து புத்தகம் வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் பிரித்தேன். கதை என் கதை. கட்டத்தில் மட்டும் வேறு எழுத்து: 'அதிகம் பேசினால் அழிவு நிச்சயம்.' பாய் கையைப் பிசைந்தார். "ஸ்கூல்காரங்க மொதல்ல அந்தக் கட்டத்ததாம்மா பாக்கறாங்க. பழைய நீதி இல்லன்னா எடுக்க மாட்டாங்க. கதைல நான் கையே வெக்கல பாரு." என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. பிறகு ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் மடியில் ஏறிக்கொண்டாள். கொக்காகவும் ஆமையாகவும் குரல் மாற்றி மாற்றிப் படித்தேன். அவள் சிரிக்கவில்லை, விரல் உதட்டின்மேலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த விரலை எடுத்து மஞ்சள் கட்டத்தின்மேல் வைத்தாள். "இங்க?" என்றாள்.

படிக்கவும் வாய் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினாள். ஆமை நான்கு காலில் நின்றது. நீதி உச்சியில் போய்த் தலைகீழாகக் கிடந்தது.

"ஆம எந்திரிச்சிக்கிச்சி," என்றாள். "நீ ஏம்மா பேச மாட்டேன்ற?"