நானும் சேர்ந்து சிரித்தேன்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் செல்விக்குச் சொந்த ஊர் பக்கத்திலுள்ள கச்சிராயபாளையம். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டதால் பஸ் ஓடாத ஒரு நாள், நடந்தே வந்து சேர்ந்தாள்.

“இன்னாம்மா, கோட்டாவுல வந்தா நேரத்துக்கு வரத் தேவையில்லையா?” என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தோம். அன்று முதல் அவளுக்குப் பெயரே ‘கோட்டா’தான்.

பிழையில்லாமல் டைப் அடித்தவள், மேலாளர் குரல் கேட்டாலே தப்பும் தவறுமாக அடிக்க ஆரம்பித்தாள்.

“ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம், கண்டுக்காத” என்றேன்.

“நீங்களும்தானக்கா சிரிக்கிறீங்க?” என்றாள். அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது யாரைக் கேலி செய்தாலும், “இதுல சிரிக்க இன்னா இருக்குது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுகிறேன். செல்வி இருந்தவரை ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை.