ஜுக்ரா குகையும் ஒரு குவளைக் காப்பியும்

மகள் செல்லத்தின் கல்யாணப் பேச்சை முடிக்கத்தான் இந்தப் பயணம். பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் பத்து வருஷமாக என்னோடு வேலை பார்ப்பவன் மாணிக்கம். "எம் பையனுக்கு ஒங்க பொண்ணுதாண்ணே. ஜுக்ரா குகையில வச்சு நாள் குறிப்போம்" என்றான். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

காலை ஆறே முக்காலுக்கு ரயில். கிள்ளானுக்கு மூன்றாம் வகுப்பு ஐம்பது காசு. அங்கிருந்து பஸ் ஒன்றரை மணி நேரம், நாற்பது காசு. இடுப்பு கழன்றுவிடும், சொல்லிவிட்டேன். கடலோரக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், இறங்கிக் கரையோரமாக ஒன்றரை மைல் நடந்தால் குகை. கடல் வற்றியிருக்கும்போதே போய்த் திரும்பிவிட வேண்டும்.

குகை பத்தடி ஆழம்கூட இல்லை. ஒரே வௌவால் நாற்றம். முன்பு அதற்குள் ஓர் இளவரசி இருந்தாளாம். விருந்து வைக்கிற ஏழைகள் வாசலில் நின்று கேட்டால், விடிவதற்குள் தட்டும் குவளையும் அடுக்கி வைப்பாளாம். நீ யார், எந்த ஊர் என்று கேட்கமாட்டாளாம். "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கும் வேணும் தாயே" என்று மாணிக்கம் உள்ளே பார்த்துக் கத்தினான். சிரித்தோம். வைகாசியில் கல்யாணம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

திரும்பும்போது, பஸ் நிற்குமிடத்தில் ஒரு தமிழர் காப்பிக் கடை. கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் முன்பு கடை வைத்திருந்தவர்.

"நீ கீழ் லயத்து முனியன் மவன்தானே?"

"ஆமாங்க."

மாணிக்கத்துக்குக் கண்ணாடிக் குவளையில் காப்பி வைத்தார். எனக்கு, கூரையில் செருகியிருந்த கொட்டாங்கச்சியை எடுத்தார். தோட்டத்தில் கீழ் லயம் என்ற ஒதுக்குப்புற வரிசை வீடுகளில் இருந்த எங்கள் சாதிக்காரர்களுக்கு அதில்தான் ஊற்றுவார்கள். பட்டணத்துக்கு வந்து அதை மறந்தே போயிருந்தேன், மடையன்.

நான் கையை நீட்டவில்லை. மாணிக்கம் என் முகத்தைப் பார்க்காமல், "பத்து வருஷமா ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டோம். ஒரு வார்த்த சொல்லலியே நீ" என்றான்.

"நீ கேக்கலியேப்பா."

"பையன்கிட்ட கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு ஊதி ஊதிக் காப்பியைக் குடித்து முடித்தான். கிள்ளானில் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.  

வீட்டு வாசலிலேயே செல்லம் நின்றாள். "நாள் குறிச்சாச்சாப்பா?"

"கடல் ஏறிடுச்சும்மா. குகைக்குப் போக முடியல."

போக நினைப்பவர்களுக்கு: நடை சுலபம்தான், பிள்ளைகளும் நடக்கலாம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கரையில் நல்ல தண்ணீர் கிடையாது. குடிக்க ஒரு குவளையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.