குண்டானுக்கு ஊற்றிய பால்

இன்சுலின் மருந்துக்கு ஒரு நெடி உண்டு. புதிதாகப் பிரித்த பிளாஸ்திரியில் அடிக்குமே, அதேதான். நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, நாமக்கல்லில் எங்கள் வீட்டுக் காலைப்பொழுது அந்த நெடியோடும் அவித்த முட்டை வாசத்தோடும்தான் விடியும். இரண்டும் எங்கள் கடுவன் பூனை "குண்டானு"க்காக. ஓயாமல் தண்ணீர் குடித்து, எலும்பு தெரிய இளைத்து, அது சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பும் மொய்க்கத் தொடங்கியபோது, கால்நடை மருத்துவர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மனிதர்களுக்கு வருகிற அதே "சக்கரை"தான் என்று சொல்லிவிட்டார்.

சோறு கூடாது, பால் கூடாது. அவித்த முட்டையோ கோழிக்கறியோ வயிறாரத் தின்ற பிறகுதான் ஊசி. காலையும் மாலையும் ஏழு மணிக்கு. ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்திய அம்மாவுக்கு அந்த வேலை சுலபமாகக் கைவந்தது. யூனிட் என்பதை அவர் "கோடு" என்பார். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து இரண்டு கோடு மருந்தை ஏற்றி எடுப்பதற்குள் குண்டான் தலையைக்கூடத் திருப்பாது. "தின்னானா இல்லையான்னு பாத்துச் சொல்லு சாமி, வெறும் வயித்துல ஏத்துனா உசுருக்கே ஆகாது" என்பார். பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் எனக்குப் பால் என்றாலே குமட்டும். தினமும் அம்மா சர்க்கரையும் சத்துமாவும் கலக்கித் தரும் டம்ளர் பாலில் பாதியை, அவர் தையல் மிஷினில் உட்கார்ந்ததும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் குண்டானுக்கு ஊற்றிவிடுவேன். நாக்குச் செத்த பூனை, பாவம் என்று இரக்கப்பட்டு ஊற்றியதாகப் பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு, அது பொய். "பால முழுசாக் குடிச்சயா கண்ணு?" என்ற கேள்விக்குத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரை இறங்கவில்லை. மருத்துவர் இரண்டு கோட்டை மூன்றாக்கினார், பிறகு ஐந்தாக்கினார். "முட்டையும் கறியும் தவிர வேற எதும் குடுக்கறதில்லைங்க சார்" என்று அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபோது, நான் பூனைக் கூடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

அரையாண்டு விடுமுறைக்குக் குமாரபாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போனேன். பால் நின்றது, ஐந்து கோடு நிற்கவில்லை. நான்காம் நாள் காலை குண்டான் தள்ளாடி விழுந்து, வலிப்பு வந்து கால்களை உதைத்துக்கொண்டதாம். அம்மா அதன் ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவியபடியே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே மூச்சு நின்றுவிட்டது.

"தீனியில எதாச்சும் கொறைச்சீங்களான்னு டாக்டர் கேட்டாரு. நான் எதையும் கொறைக்கல. கோடு பாக்காம ஏத்திப்போட்டனாட்ட இருக்குது. என்ற கையாலயே கொன்னுபோட்டனே சாமி" என்று, நான் திரும்பி வந்ததும் அம்மா அழுதார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: என் பாலுக்காக ஏறிய ஐந்து கோடு, பால் நின்றதும் சக்கரையை அடியோடு இறக்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நாளாக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தேன்.

இப்போது அம்மாவுக்கே சக்கரை. மாத்திரை போதாமல் மூன்று ஆண்டுகளாக ஊசி. தானே போட்டுக்கொள்ளச் சொன்னால், "என்ற கைய நம்பி ஊசியக் குடுக்காத சாமி" என்பார். வேலைக்குக் கிளம்பும் முன் நான்தான் போட்டுவிடுவேன். ஒவ்வொரு காலையும் அவர் நம்பி வயிற்றைக் காட்டும்போது நான் கூனிக் குறுகிப்போவேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஊசியைப் போட்டு முடித்த கையோடு பால் சங்கதியைச் சொல்லிவிட்டேன்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே, "இத்தன வருசமா என்ற கையையில்ல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அவரே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் ஊசிக்கு என்னைக் கூப்பிடுவதே இல்லை.