பூஜைக்கு நின்ற கம்ப்யூட்டர்

முப்பது வருஷம் கீழ்க்கட்டளையில் கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஆயுத பூஜையன்று, வாசலில் எத்தனை பேர் பாத்திரத்தோடு நின்றாலும், என் வீட்டில் ஒரு மிஷினும் ஓடாது.

அந்த வருஷம் மருமகளின் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆபீஸ்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏது பூஜை?

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் மெமரி குறைந்தால், நெட்டைப் பார்த்துக்கொள்ளும் பகுதி ‘நெருக்கடி’ என்று ஒரு குறி போட்டுக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடுமாம். இடம் காலியானதும் குறியை எடுக்க வேண்டும். எடுப்பதில்லை என்பது மருமகளின் கட்சி. இரண்டு வாரமாக அவளால் நிரூபிக்க முடியவில்லை. அன்று சாயங்கால மீட்டிங்கிலும் காட்டாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

“அத்தே, ப்ளீஸ், இத மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. ரெண்டு நாளா வேலைமேல வேலையா லோடு குடுத்து இப்பதான் ஸ்லோ ஆயிருக்கு. ஆஃப் பண்ணா எல்லாம் போச்சு.”

“அருவாமணையே லீவுல கீது. இது இன்னா, பெரிய கலெக்டரா?”

“அத்தே!”

“சரி, கரண்டு இருக்கட்டும். வேலைய நிறுத்து.”

முகத்தைத் தூக்கிக்கொண்டு லோடை நிறுத்தினாள். “பத்தே நிமிஷம்” என்றாள். நான் எதையும் பத்து நிமிஷத்தில் செய்தவள் இல்லை. கிரைண்டர், தையல் மிஷின், ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தெருவில் பூசணிக்காய் உடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டருக்கும் பெரிதாகவே பொட்டு வைத்தேன்.

பொரித் தட்டோடு உள்ளே போனவள் கத்தினாள். “அத்தே! ஓடி வாங்க!”

“ஐயோ, குங்குமம் உள்ள பூட்ச்சா?”

“இல்ல அத்தே! மெமரி மொத்தமும் காலி. ஒரு வேலையும் ஓடல. அப்பவும் நெட்டு நகரவே மாட்டேங்குது!”

“அது நல்லதா, கெட்டதா?”

“ரொம்ப நல்லது!”

அதுவரை எல்லோரும் ஒன்று லோடை ஓட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார்கள், இல்லை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். அணைக்காமல் சும்மா உட்கார வைத்துப் பார்த்ததில்லை. அந்த நெட் பகுதி அடுத்த முறை பெரிதாக இடம் கேட்கும்போதுதான் குறியை எடுக்கும்படி எழுதியிருக்கிறதாம். குறி இருக்கும்வரை பெரிதாகக் கேட்கவே முடியாதாம்!

நாலைந்து வரியை மாற்றினாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். “இப்ப ஓட்டிப் பாக்கணும் அத்தே.”

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை செய்துதான் எடுப்பது எங்கள் வழக்கம். மணியைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன்.

“கற்பூரத்த எடு. மறுபூஜைய இப்பவே முடிச்சிடலாம்.” என் கிரைண்டருக்குக்கூட நான் கொடுக்காத சலுகை அது.

இரண்டு நாள் காத்திருக்க நேரமில்லை. மெமரியைக் குறைத்து வைத்துச் சீக்கிரமே நிரப்பினாள். வேகம் விழுந்தது. லோடை நிறுத்தினாள். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் நன்றாகவே தெரியும். திரையில் நெட் வேகம் ஏறியது. நாற்பது. தொண்ணூறு. முந்நூறு! இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் முட்டி வலி எங்கே போனதோ.

மீட்டிங்கில் யாரோ கேட்டார்களாம், அணைக்காமல் நிறுத்திப் பார்க்க எப்படித் தோன்றியது என்று. அவள் கேமராவைத் திருப்பி, கம்ப்யூட்டரின் பொட்டைக் காட்டினாள். அப்படியே இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நான் பொரி தின்றுகொண்டிருந்தேன்.