கல் இருந்த குழி

தேயிலைக் கொழுந்தைக் கிள்ளும்போது விரலில் ஏறும் பச்சை வாடையை எந்தச் சவர்க்காரம் போட்டாலும் போக்க முடியாது. சோறு பிசைந்தாலும் மணக்கும், தூக்கத்தில் கன்னத்துக்குக் கை கொடுத்தாலும் மணக்கும். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடை தூக்கிய முதல் நாளே அந்த வாடை என் கையில் ஏறிவிட்டது. அதே நாளில்தான் என் சாமியும் எனக்குக் கிடைத்தது என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கொட்டகலைக்கு மேலே, வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் இருந்த அந்தக் காலத்தில், எங்கள் தோட்டத்தில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் சாமிக்குப் பஞ்சமில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு ஒரு முனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு ஒரு சாமி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே மாரியம்மன். பெண்களுக்கென்று இருந்தது "கொழுந்துச்சாமி". ஏழாம் நம்பர் மலையின் உச்சியில், ஒரு கிழட்டுத் தேயிலைச் செடியின் தூரில், பாதி மண்ணில் புதைந்த ஒரு கருங்கல், அவ்வளவுதான். பூசாரி கிடையாது, மணி கிடையாது. புதிதாக ஒருத்தி வேலைக்குப் "பேர் பதிந்தால்", முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடாமல் அந்தக் கல்லின் மேல் வைத்துக் கும்பிட வேண்டும். வைத்த கையே பூசாரிக் கை. வைக்காதவளுக்குக் கால் வழுக்கும், அட்டை ஏறும் என்பார்கள். வைத்தவளுக்கும் அட்டை ஏறத்தான் செய்தது, அதை யாரும் பேசுவதில்லை.

நான் பேர் பதிய இருந்த வாரத்தில் மாரியம்மன் கோயிலைப் புதுப்பித்துக் கட்டி முடித்திருந்தார்கள். கோயில் தலைவர் எங்கள் பெரிய கங்காணி. நல்ல மனிதர்தான், ஆனால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டே பழகிப்போனவர். சாமிகளையும் "பெரட்டுக்கு" நிறுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் சாமியெல்லாம் கோயிலுக்கு வந்தால்தான் மரியாதை என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஆண்களைக் கூட்டிப் போய், கொழுந்துச்சாமியை அலவாங்குக் கம்பியால் நெம்பித் தூக்கி வந்து, கோயில் சுவரோரம் நிறுத்திச் சிவப்புத் துணி கட்டிவிட்டார். பிள்ளை நாளைக்கு முதல் கொழுந்தைக் கொண்டுவந்து வைக்கலாமா என்று என் அம்மா போய்க் கேட்டாள். பச்சை இலையெல்லாம் இங்கே ஆகாது, தேங்காய் பழம் வாங்கிப் பூசாரி கையில் கொடுங்கள் என்று பதில் வந்தது.

மறுநாள் காலையில் மலையேறிப் பார்த்தால், செடித் தூரில் ஒரு குழிதான் இருந்தது. பெண்கள் யாரும் கொழுந்தெடுக்க இறங்கவில்லை. சாமி இல்லாத மலையில் புதுப்பிள்ளையை இறக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றாள் எல்லாருக்கும் மூத்தவளான பார்வதி அத்தை. அம்மா தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி வேறொரு கல்லைத் தேடிக் கழுவி எடுத்து வந்தாள். போனது கல், பதிலுக்குக் கல் வைத்தால் ஆயிற்று என்பது அவள் கட்சி. கண்ட கல்லும் சாமியாகுமா என்று மற்றவர்கள்.

நான் அந்தக் கிழட்டுச் செடியிலேயே கிள்ளிய முதல் பிடிக் கொழுந்துடன் நின்றேன். வேலைக்குப் போகிறேன் என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள், திரும்பிப் போனால் மானம் போய்விடும். அதைவிட, நேற்றுவரை இருந்தது இன்று இல்லையென்றால் எதை நம்பி இந்தச் சரிவில் இறங்குவது என்ற பயம் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னையப் பாக்காத. ஒனக்கு எங்க வைக்கணும்னு தோணுதோ, அங்க வையி."

குனிந்து குழியைப் பார்த்தேன். நெம்பியதில் செடியின் வேர் ஒன்று வெளியே வந்திருந்தது. அதைச் சுற்றி, எத்தனையோ பெண்கள் வைத்த கொழுந்தெல்லாம் மக்கிக் கறுப்பு மண்ணாகக் கிடந்தது. ஆண்கள் தூக்கிப்போனது கல்லை மட்டும்தான், பெண்கள் வைத்ததெல்லாம் இங்கேயே இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கொழுந்தை அந்த வேரின் மேல் வைத்துக் கண்ணை மூடினேன். பயம் போய்விட்டது. யாரும் சொல்லாமல் நானாகக் கும்பிட்ட முதல் கும்பிடு அது.

கண்ணைத் திறந்தபோது அம்மா தன் கல்லைக் கானிலேயே போட்டுவிட்டு, தன் பிடிக் கொழுந்தை என்னுடையதன் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பார்வதி அத்தை முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். பிறகு எல்லாரும் வைத்தார்கள். இன்னும் ஏன் யாரும் இறங்கவில்லை என்று அதட்டிக்கொண்டே ஏறிவந்த பெரிய கங்காணி திகைத்து நின்றார்.

"என்னா இது, குழியவா கும்புடுறீங்க?"

"ஆமாங்கய்யா. இதத் தூக்கிட்டுப் போக முடியாதுங்கல்ல" என்றேன்.

இடுப்பில் கட்டியிருந்த சாக்கை வாயில் பொத்திக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள். கங்காணி இறங்கிப் போனார். பன்னிரண்டு வயதில் அப்படியொரு பதில் சொன்னேனே என்று இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். அதை மறைப்பானேன்?

போன வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறினேன். கல் கோயிலில் பட்டுக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறது. போகிற போக்கில் அதற்கும் ஒரு கும்பிடு போட்டேன். ஏழாம் நம்பர் மலையில் தேயிலை இல்லை, மானாப்புல் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. கிழட்டுச் செடியும் இல்லை, குழியும் தூர்ந்துவிட்டது. எங்கேம்மா உன் சாமி என்று மகள் கேட்டாள். புல்லின் குருத்தைக் கிள்ளி, குத்துமதிப்பாக அந்த இடத்தில் வைத்துக் கும்பிட்டேன். விரலை முகர்ந்தால் வெறும் புல் வாடைதான். புல்லாக இருந்தால் என்ன? வைத்த கைதானே பூசாரிக் கை.